பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடுவது எப்படி? நியூ ஜெர்சியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சியில் வீடு தேடும் நம் ஆட்களிடம், எத்தனை படுக்கையறை என்பதற்கு முன்பே வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்கூல் எப்படி? எடிசனா, சவுத் பிரன்ஸ்விக்கா, வெஸ்ட் விண்ட்ஸரா என்று வாட்ஸப் குழுவில் கேட்டால் மளமளவென்று பதில்கள் வரும். அதில் பாதி, வீட்டு விற்பனைத் தளத்தில் 'பத்துக்கு எட்டு' என்று போட்டிருக்கும் ஒற்றை எண்ணாகத்தான் இருக்கும். ரியல்டரை (வீட்டுத் தரகரை) கேட்டால் பிடிகொடுக்க மாட்டார். வீட்டு விற்பனையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் இருப்பதால், 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம். தேவையான தரவு முழுவதும் மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸெல்லில் கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்களுக்கு (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகங்களுக்கு) இடையே முதல் பார்வையில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி, அந்த ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்பதால் வருவது. பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்பது அதற்கு அடியில் கிடக்கிறது. இரண்டையும் முடிந்தவரை பிரித்துப் பார்ப்பதற்கான வழிதான் கீழே வருவது.

முதல் படி: எந்த டிஸ்ட்ரிக்ட் என்பதை உறுதி செய்யுங்கள்

நியூ ஜெர்சி சின்ன மாநிலம்தான். ஆனால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கிட்டத்தட்ட 600 இருக்கிறது. தபால் முகவரியை நம்பி டிஸ்ட்ரிக்டை முடிவு செய்யக்கூடாது. 'பிரின்ஸ்டன்' என்று முகவரி உள்ள வீடு, பிளெயின்ஸ்போரோவிலோ சவுத் பிரன்ஸ்விக்கிலோ மான்ட்கோமரியிலோ இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போக மாட்டார்கள். மன்மத் ஜங்ஷன், கெண்டல் பார்க், டேட்டன் ஆகிய பெயர்களைப் பார்த்துத் தனித்தனி டிஸ்ட்ரிக்ட் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் சவுத் பிரன்ஸ்விக்தான்.

இன்னொரு சிக்கல், எல்லா டிஸ்ட்ரிக்டும் கிண்டர்கார்டன் முதல் 12 வரை நடத்துவதில்லை. கிரான்பரி டிஸ்ட்ரிக்ட் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹை ஸ்கூலுக்குப் போகிறார்கள். எனவே கிரான்பரியை எடிசனோடு 'மொத்தமாக' ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டிலும் இருக்கும் கிரேடுகளை மட்டும் எடுங்கள். மாநிலத்தின் தேர்வு முடிவுக் கோப்பில் தேடும்போதும் கவனம் வேண்டும். அது கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். வெஸ்ட் விண்ட்ஸர் மெர்சர் கவுண்டியிலும் பிளெயின்ஸ்போரோ மிடில்செக்ஸ் கவுண்டியிலும் இருந்தாலும், இரண்டும் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட் மெர்சருக்குக் கீழேதான் வரும். மிடில்செக்ஸில் பிளெயின்ஸ்போரோவைத் தேடிச் சோர்ந்து போகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி: தேர்வையும் அதன் அளவுகோலையும் தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலப் பொதுத் தேர்வின் பெயர் என்ஜேஎஸ்எல்ஏ. 2015 முதல் 2018 வரை பார்க் (PARCC) என்ற பெயரில் நடந்த தேர்வின் வாரிசு. 2019 வசந்தத்தில் இந்தப் பெயருக்கு மாறியது. ஆங்கிலத்துக்கு மூன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, கணிதத்துக்கு மூன்று முதல் எட்டு வரை, அதற்கு மேல் அல்ஜிப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா 2 ஆகிய பாடங்கள். அறிவியல் 5, 8, 11 ஆகிய வகுப்புகளில் மட்டும்.

ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மதிப்பெண் 650 முதல் 850 வரை. இதை ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 750ஐத் தொட்டால் நான்காம் நிலை, அதாவது அந்த வகுப்புக்கான எதிர்பார்ப்பை எட்டியாயிற்று. செய்தித்தாளில் '62 சதவீதம் தேர்ச்சி' என்று வருவது நான்காம், ஐந்தாம் நிலைகளின் கூட்டுத்தொகைதான். இங்கே 'தேர்ச்சி' என்ற சொல்லை நம்மூர் பாஸ், ஃபெயில் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். 749 வாங்கிய பிள்ளையும் அடுத்த வகுப்புக்குப் போகிறது. அறிவியலுக்கு வேறு அளவுகோல்: 100 முதல் 300 வரை, நான்கு நிலைகள். ஆகவே அதை மற்ற இரண்டோடு சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.

கோவிட் காரணமாக 2020, 2021 வசந்தங்களில் இந்தத் தேர்வு நடக்கவில்லை. எனவே நீண்டகாலப் போக்கு பார்க்க நினைப்பவர்கள் 2019க்கும் 2022க்கும் நடுவே உள்ள பள்ளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க் தேர்வின் முதல் ஆண்டான 2015இல் பல ஊர்களில், குறிப்பாக ஹை ஸ்கூல்களில், ஏராளமான பெற்றோர் பிள்ளைகளை எழுதவே விடவில்லை. அந்த ஆண்டு எண்களை நான் தொடுவதே இல்லை.

மூன்றாம் படி: மூலக் கோப்பை இறக்குங்கள்

ரேட்டிங் தளங்களை ஒதுக்கிவிட்டு மாநிலக் கல்வித் துறையின் தளத்துக்கு நேராகப் போங்கள். இரண்டு விதமான தரவு இருக்கும். ஒன்று, ஒவ்வொரு தேர்வுக்கும் வகுப்புக்குமான எக்ஸெல் கோப்பு. மற்றது, பள்ளிச் செயல்பாட்டு அறிக்கை. அதில் வளர்ச்சி, வருகைப் பதிவு போன்றவையும் சேர்ந்திருக்கும். இந்த அறிக்கை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

எக்ஸெல் கோப்பில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும், அதற்குள் ஒவ்வொரு பள்ளிக்கும், அதற்குள் ஒவ்வொரு பிரிவு மாணவருக்கும் ஒரு வரி. எத்தனை பேர் பதிவு, எத்தனை பேர் எழுதவில்லை, எத்தனை செல்லுபடியான மதிப்பெண், சராசரி மதிப்பெண், ஐந்து நிலைகளிலும் எத்தனை சதவீதம் என்று அடுத்தடுத்த பத்திகளில் இருக்கும். சில இடங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். பத்துக்கும் குறைவான பிள்ளைகள் இருந்தால், யார் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மறைத்துவிடுகிறார்கள். அதைப் பூஜ்யம் என்று எக்ஸெல் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக 'எழுதவில்லை' பத்தியைப் பாருங்கள். குறைந்தது 95 சதவீதம் பேரையாவது தேர்வுக்கு உட்படுத்த வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஒரு டிஸ்ட்ரிக்டில் 98, பக்கத்தில் 88 என்றால், அந்த 12 சதவீதம் யார் என்று தெரியாமல் ஒப்பீடு செய்வது வீண்.

நான்காம் படி: சதவீதத்தோடு சராசரியையும் பாருங்கள்

தேர்ச்சிச் சதவீதம் ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்கிறது. 750ஐ மட்டும் தொட்ட பிள்ளையும் 820 வாங்கிய பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். இரண்டு டிஸ்ட்ரிக்ட்களிலும் 60 சதவீதம் என்றிருக்கும். ஒன்றில் சராசரி 755, இன்னொன்றில் 768 என்றிருக்கலாம். உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் ஐந்தாம் நிலையின் சதவீதம் முக்கியம். தடுமாறுகிற பிள்ளை என்றால் முதல் இரண்டு நிலைகளில் எத்தனை பேர் தேங்கியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். தடுமாறும் பிள்ளைகளை அந்த டிஸ்ட்ரிக்ட் எப்படி நடத்துகிறது என்பதற்கு அது நல்ல தடயம். ரேட்டிங் தளங்கள் இதைக் காட்டுவது அபூர்வம்.

ஐந்தாம் படி: எட்டாம் வகுப்புக் கணிதப் பொறி

பலரும் விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாக.

நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 படிக்கிற பிள்ளை, எட்டாம் வகுப்புக் கணிதத் தேர்வை எழுதாது. அல்ஜிப்ரா 1 தேர்வைத்தான் எழுதும். அதாவது கணிதத்தில் முன்னால் ஓடுகிறவர்கள் எல்லோரும் எட்டாம் வகுப்புக் கோப்பிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களை வைத்துத்தான் அந்தச் சதவீதம். எத்தனை அதிகம் பேரை அல்ஜிப்ராவுக்கு அனுப்புகிறார்களோ, அத்தனைக்கு அந்த டிஸ்ட்ரிக்டின் எட்டாம் வகுப்பு எண் பரிதாபமாகத் தெரியும். மாநில அளவிலேயே எட்டாம் வகுப்புக் கணித எண் மற்ற வகுப்புகளைவிட வெகுவாகக் குறைந்து நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். எட்டாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் கணக்கை மறந்துவிடவில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு டிஸ்ட்ரிக்டில் எட்டாம் வகுப்பில் 300 பேர். 200 பேர் அல்ஜிப்ரா 1 எழுதினார்கள், அதில் 180 பேர் எதிர்பார்ப்பை எட்டினார்கள். மிச்சம் 100 பேர் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள், 25 பேர் எட்டினார்கள். கோப்பில் தெரிவது 25 சதவீதம். உண்மையில் 300 பேரில் 205 பேர், அதாவது 68 சதவீதம். பக்கத்து டிஸ்ட்ரிக்டில் 300 பேரில் 50 பேரை மட்டும் அல்ஜிப்ராவுக்கு அனுப்பினார்கள், 48 பேர் எட்டினார்கள். மிச்சம் 250 பேரில் 110 பேர் எட்டினார்கள். கோப்பில் 44 சதவீதம் என்று வரும். மொத்தத்தில் 158 பேர், 53 சதவீதம்தான். எட்டாம் வகுப்பு வரியை மட்டும் பார்த்தவர் இரண்டாவது ஊரில் வீடு வாங்கியிருப்பார்.

இதைச் சரிசெய்ய, டிஸ்ட்ரிக்ட் அளவிலான அல்ஜிப்ரா 1 வரியை எடுக்காதீர்கள். அதில் ஹை ஸ்கூல் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். மிடில் ஸ்கூல்களின் வரிகளை மட்டும் தனியாக எடுத்து, அல்ஜிப்ரா 1, ஜியாமெட்ரி, எட்டாம் வகுப்புக் கணிதம் மூன்றையும் செல்லுபடியான மதிப்பெண்களின் எண்ணிக்கையை வைத்துச் சேருங்கள். ஏழாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா எழுதும் சிலர் இதில் வந்துவிடுவார்கள். பரவாயில்லை, படம் பெரிதாக மாறாது. இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள் கணிதத்துக்கு மூன்று முதல் ஆறு வரை உள்ள வகுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே எல்லோரும் ஒரே தேர்வுதான் எழுதுகிறார்கள்.

ஆறாம் படி: ஒரே மாதிரிப் பிள்ளைகளை ஒப்பிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். கோப்பில் மாணவர்களைப் பிரிவு வாரியாகவும் கொடுத்திருக்கிறார்கள்: பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் (இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ளவர்கள்), மற்றவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், சிறப்புக் கல்வி பெறுபவர்கள், இனப் பிரிவுகள்.

மறுபடியும் கற்பனை எண்கள். 'அ' டிஸ்ட்ரிக்டில் 20 சதவீதம் பேர் வசதி குறைந்தவர்கள். அவர்களில் 35 சதவீதம் பேர் எதிர்பார்ப்பை எட்டினார்கள். மற்றவர்களில் 75 சதவீதம். மொத்தம் 67 வருகிறது. 'ஆ' டிஸ்ட்ரிக்டில் பாதிப் பேர் வசதி குறைந்தவர்கள்; அவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 78 சதவீதம். மொத்தம் 60. பட்டியலில் 'அ' ஏழு புள்ளி மேலே. ஆனால் வசதி உள்ள பிள்ளையும் சரி, இல்லாத பிள்ளையும் சரி, 'ஆ'வில்தான் நன்றாகச் செய்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் பின்தங்கிய டிஸ்ட்ரிக்ட், மொத்தத்தில் முந்தி நிற்கிறது.

எக்ஸெல்லில் இதை நேர்செய்வது சுலபம். 'ஆ'வின் பிரிவுச் சதவீதங்களை 'அ'வின் கலவையில் போட்டுப் பாருங்கள்: 78இல் 80 சதவீதம், 42இல் 20 சதவீதம். கூட்டினால் 70.8. இப்போது 70.8க்கு 67. மூன்று, நான்கு டிஸ்ட்ரிக்ட்களை ஒப்பிடும்போது எல்லோருக்கும் மாநிலத்தின் கலவையையே பொதுவாக வைத்துக்கொண்டால் கணக்கு நியாயமாக இருக்கும்.

மாநில அரசே ஒரு காலத்தில் இதைச் செய்தது. ஊர்களின் கல்வி, வருமானம், வேலை நிலவரத்தைக் கணக்கிட்டு டிஸ்ட்ரிக்ட்களை ஏ முதல் ஜே வரை எட்டுத் தொகுதிகளாக வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கோடு அது நின்றுவிட்டது. இன்றும் பழைய ஆட்கள் 'அது ஜே டிஸ்ட்ரிக்ட்' என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். கால் நூற்றாண்டுக்கு முந்தைய தகவல் அது.

நம் ஆட்கள் அதிகம் உள்ள ஊர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எடிசன் பக்கம் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் குமான் மாதிரி ஒரு டியூஷன் மையம் கண்ணில் படும். அந்த மாலை நேர உழைப்பும் பள்ளியின் கணித எண்ணில்தான் போய்ச் சேர்கிறது. எவ்வளவு பங்கு என்று எந்தக் கோப்பும் பிரித்துச் சொல்லாது. கணிதத்தில் மிக உயரத்திலும் ஆங்கிலத்தில் அதைவிட நன்றாகக் கீழேயும் ஒரு டிஸ்ட்ரிக்ட் இருந்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

ஏழாம் படி: சிறிய எண்ணிக்கையை நம்பாதீர்கள்

மனக்கணக்காகவே போடக்கூடிய ஒரு சூத்திரம்: தேர்வு எழுதியவர்கள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுங்கள். 400 பேர் என்றால் இருபதில் ஒன்று, 5 சதவீதம். 100 பேர் என்றால் 10. 25 பேர் என்றால் 20. தேர்ச்சிச் சதவீதம் இந்த அளவுக்கு மேலேயும் கீழேயும் தற்செயலாகவே ஆடக்கூடும். ஒரு கிரேடில் ஐம்பது, அறுபது பேர் மட்டும் படிக்கும் சிறிய டிஸ்ட்ரிக்டில் ஒரு வருடம் 10 புள்ளி இறங்கியது என்றால், டீச்சரைக் குறை சொல்ல அது போதாது.

இதனால்தான் ஒரு வருட எண்ணை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்கிறேன். மூன்று வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். பக்கத்து வகுப்புகளையும் சேருங்கள். அப்படியும் வித்தியாசம் மூன்று, நான்கு புள்ளிக்குள் இருந்தால், இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு வீட்டு விலையையும் ரயில் நிலையத்தின் தூரத்தையும் பார்க்கப் போகலாம்.

எட்டாம் படி: வளர்ச்சியைப் பாருங்கள்

பள்ளிச் செயல்பாட்டு அறிக்கையில் எஸ்ஜிபி என்று ஒரு எண் இருக்கும். முந்தைய வருடங்களில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கிய மாநிலத்துப் பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தி, இந்த வருடம் உங்கள் பிள்ளை அவர்களில் எத்தனை சதவீதம் பேரைத் தாண்டியது என்று 1 முதல் 99 வரை சொல்வது இது. பள்ளிக்கும் டிஸ்ட்ரிக்டுக்கும் நடு எண்ணை எடுப்பார்கள். 50 என்றால் மாநிலத்தின் வழக்கமான வேகம், 40க்கும் 59.5க்கும் நடுவே இருந்தால் மாநிலத்தின் கணக்கில் எதிர்பார்த்த வளர்ச்சி. ஆங்கிலத்துக்கு நான்கு முதல் எட்டு வரை, கணிதத்துக்கு நான்கு முதல் ஏழு வரை இது கிடைக்கும்.

மதிப்பெண் உயரமாகவும் வளர்ச்சி 42 ஆகவும் உள்ள டிஸ்ட்ரிக்டும் உண்டு, மதிப்பெண் நடுத்தரமாகவும் வளர்ச்சி 58 ஆகவும் உள்ளதும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் தலைமையிலான குழு நாடு முழுவதும் உள்ள டிஸ்ட்ரிக்ட்களின் மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, சராசரி மதிப்பெண் ஊரின் வசதியோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வளர்ச்சி வேகத்துக்கும் வசதிக்கும் தொடர்பு மிகக் குறைவாக இருந்தது. சிகாகோவின் பொதுப் பள்ளிகளில் 2009 முதல் 2014 வரையிலான காலத்தில், பிள்ளைகள் ஐந்து வருடங்களில் ஆறு வருட அளவுக்கு முன்னேறியதாக அவர்கள் கணக்கிட்டார்கள். அதே சிகாகோவின் சராசரி மதிப்பெண் அப்போதும் தேசிய சராசரிக்குக் கீழேதான்.

ஒன்பதாம் படி: ஹை ஸ்கூல் எண்கள்

இங்கே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்பத்தகுந்தது குறைவு. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு நியூ ஜெர்சியில் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. பாதிப் பேர் எழுதிய பள்ளியின் சராசரியையும் முக்கால்வாசிப் பேர் எழுதிய பள்ளியின் சராசரியையும் பக்கத்தில் வைக்கக்கூடாது. எத்தனை சதவீதம் எழுதினார்கள் என்பது அறிக்கையிலேயே இருக்கும், அதை முதலில் பாருங்கள்.

இன்னொன்று, கவுண்டிகள் நடத்தும் மேக்னட் பள்ளிகள். எடிசனில் உள்ள மிடில்செக்ஸ் கவுண்டி அகாடமி, பெர்கன் கவுண்டி அகாடமிகள், மன்மத் கவுண்டியின் ஹை டெக்னாலஜி ஹை ஸ்கூல் ஆகியவை நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கின்றன. அவர்கள் மதிப்பெண் கவுண்டியின் தொழிற்கல்வி டிஸ்ட்ரிக்டின் கணக்கில் சேரும். எட்டாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுத்த ஊருக்கு அந்தப் பெருமை வராது. ஒரு டிஸ்ட்ரிக்டுக்குள் இரண்டு ஹை ஸ்கூல் இருந்தால், எடிசனில் ஜே.பி. ஸ்டீவன்ஸ், எடிசன் ஹை போல, பள்ளி அளவு வரிகளைப் பாருங்கள். டிஸ்ட்ரிக்ட் சராசரியில் யாரும் படிப்பதில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்?

டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. வரி குறைவு என்று அங்கே வீடு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் தேர்வு வேறு, கேள்வி வேறு, தேர்ச்சிக் கோடு வேறு. இரண்டு மாநிலச் சதவீதங்களை நேராக ஒப்பிடவே முடியாது. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான நேப் (NAEP) தேர்வு மாநில அளவிலும் சில பெருநகர டிஸ்ட்ரிக்ட்களிலும் மட்டும்தான் முடிவு தருகிறது. உங்கள் டவுன்ஷிப்புக்குக் கிடைக்காது. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்ட் தரவுத் தொகுப்பு, நேப்பைப் பாலமாக வைத்து மாநிலத் தேர்வுகளை இணைத்திருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டும் ஒப்பீட்டுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டியவை

கணக்கு முடிந்து இரண்டு டிஸ்ட்ரிக்ட் கையில் நின்றால், அவற்றின் பள்ளி வாரியக் கூட்டங்களில் காட்டிய தேர்வு முடிவு ஸ்லைடுகளைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே கிடைக்கும். எந்தப் பிரிவில் சறுக்கினோம், அதற்கு என்ன செய்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்களா, இல்லை மாநில சராசரியைவிட மேலே என்று ஒரு பட்டை வரைபடம் போட்டு முடித்துக்கொண்டார்களா என்று பாருங்கள். அப்புறம் வருகைப் பதிவு: பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது செயல்பாட்டு அறிக்கையில் உண்டு.

வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் டிஸ்ட்ரிக்டின் மாணவர் பதிவு அலுவலகத்துக்கு அழைத்து, வீட்டு எண்ணும் தெருப் பெயரும் சொல்லி, எந்த எலிமென்டரி, எந்த மிடில், எந்த ஹை ஸ்கூல் என்று கேளுங்கள். விற்பனைத் தளத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் தவறாக இருப்பது சாதாரணம். எல்லைகளை மாற்றியமைக்கும் திட்டம் ஏதாவது வாரியத்தின் முன் இருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.